கத்தரிக்காய் சின்னம் எந்த கேமுக்கு? ஸ்மாஷ் பிரதர்ஸில் நம்ம டிவி கேம் ஆட்கள்

முகப்புத்திண்ணை (காரைக்குடி)

பெரியப்பாவுக்கு அறுபதாம் கலியாணம். நாலு நாளாக வீடு முழுக்கப் பங்காளிகள். நேற்று சாயங்காலம் வளவில் ஒரு பக்கம் கோசமல்லிக்கு வேகவைத்த கத்தரிக்காயைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாலையில் சென்னைப் பொடிசுகள் நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கேம் பெட்டியை டிவியில் மாட்டி சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல கேம்களில் வரும் ஆட்களை ஒரே மேடையில் இறக்கி அடித்துக்கொள்ள விடும் சண்டை கேம் அது. அடி வாங்க வாங்க உயிர் குறையாது, சதவீதம் ஏறும். ஏற ஏற ஆள் தூரமாகப் பறப்பான், மேடையை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டால் காலி. 2018 டிசம்பரில் வந்தது. பிறகு சேர்த்தவர்களோடு எண்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அண்ணன் மகனுக்குப் பத்து வயது. பிக்காச்சு தெரியும், மாரியோ தெரியும், லிங்க், சேமஸ் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கம்பளித் தொப்பி போட்டு ஆளுக்கொரு சுத்தியலோடு நிற்கும் இரண்டு பேரைக் காட்டி, "சித்தப்பா, இவங்க யாரு? யாருக்குமே தெரியாத கேமாம். இவங்க சின்னம் பாருங்க, கத்தரிக்காய்" என்றான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சொன்ன "யாருக்குமே தெரியாத கேம்"தான் நான் பிறந்ததிலிருந்து நன்றாக ஆடிய ஒரே கேம். ஐஸ் கிளைம்பர். 1985. நாங்கள் அதை ஐஸ் உடைக்கிற கேம் என்போம். லிங்க் என்று ஒருவன் இருப்பதே எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும்.

சதவீதத்துக்குப் பின்னால் அந்தந்த கேமின் சின்னம் இருக்கும். ஐஸ் கிளைம்பரில் ஒவ்வொரு மலையின் உச்சியிலும் ஒரு போனஸ் கட்டம், அதில் காய்கறி பொறுக்க வேண்டும். கத்தரிக்காய் அங்கிருந்து வந்தது. அவனுக்கு இதை விளக்கினேன், நம்பாமல் வளவுப் பக்கம் பார்த்தான்.

கேள்வி இதுதான். இணையத்தில் ஸ்மாஷின் "அறியப்படாத கேம்கள்" என்று போடும் பட்டியலில் பாதி, நம்ம ஊர் டிவி கேம் கேசட்டில் இருந்தவை. உங்களுக்கும் அப்படித்தானா?


பலூன்பாண்டி (தேவகோட்டை)

அண்ணே, என் பெயரைப் பாருங்கள். பலூன் ஃபைட். இரண்டு பலூனைக் கட்டிக்கொண்டு கையை அடித்து அடித்துப் பறக்க வேண்டும், தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தால் மீன் வந்து லபக். ஸ்மாஷில் அது ஒரு மேடையாக இருக்கிறது. அனிமல் கிராசிங் பையன் மேலே எழும்பப் பலூன் கட்டிக்கொள்கிறானே, அந்த வித்தையின் பெயர் "பலூன் ட்ரிப்". அதுவும் பலூன் ஃபைட்டில் இருந்த ஒரு ஆட்டத்தின் பெயர்தான்.

எங்கள் வீட்டுக் கேசட்டில் இருந்தவை: ஐஸ் கிளைம்பர், பலூன் ஃபைட், வாத்து கேம், ரெக்கிங் க்ரூ (எங்களுக்குச் சுத்தியல் மாரியோ), க்ளூ க்ளூ லேண்ட், அர்பன் சாம்பியன், மாக் ரைடர். இதில் எதற்கும் அப்போது பெயர் தெரியாது. மெனுவில் இருக்கும் எண்தான் பெயர். "டேய், பதினேழாம் நம்பர் போடு" என்றால் பலூன்.


கேசட்_ஊதி (புதுவயல்)

நல்ல இழை. ஏன் அந்த கேம்கள் மட்டும் நமக்கு வந்தன, லிங்க்கும் சேமஸும் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

ஃபாமிகாம் என்ற நின்டெண்டோ டிவி கேம் பெட்டி 1983-ல் ஜப்பானில் வந்தது. ஆரம்ப கால கேசட்டுகளில் கேம் மிகச் சின்னது. ப்ரோகிராமுக்கு 16 கேபி, படத்துக்கு 8 கேபி, ஆக மொத்தம் 24. பலூன் ஃபைட், ஐஸ் கிளைம்பர், டக் ஹண்ட் மூன்றும் இந்த அளவுதான். சூப்பர் மாரியோவே 40 கேபி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குள் இப்படி நாலைந்து கேமை அடைத்துவிடலாம். உள்ளே தனி சிப் எதுவும் வேண்டாம். ஆகவே ஃபாமிகாமைக் காப்பியடித்து நம்ம ஊர் டிவி கேம் செய்தவர்களுக்கு இவற்றை ஒரே கேசட்டில் வரிசையாகக் கொட்டுவது சுலபம்.

லிங்க் வரும் செல்டாவும், சேமஸ் வரும் மெட்ராய்டும், பிட் வரும் கிட் இகாரஸும் 1986-ல் ஜப்பானில் வந்தபோது கேசட்டாகவே வரவில்லை. ஃபாமிகாமுக்குக் கீழே மாட்டும் டிஸ்க் கருவிக்காக வந்தன. வெளிநாட்டுக்குக் கேசட்டாகப் போன செல்டாவில் ஆட்டத்தைச் சேமிக்க உள்ளேயே பேட்டரி. இதையெல்லாம் "9999 கேம்" என்று எழுதிக் கேசட் போடுகிறவன் தொடுவானா? அதனால்தான் லிங்க், சேமஸ், பிட் மூன்று பேரும் புதுவயல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரவே இல்லை.

9999 என்பதும் சும்மா. உண்மையில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அதே மாரியோவை இரண்டாம் ஸ்டேஜில் தொடங்கினால் வேறு நம்பர், மூன்றாம் ஸ்டேஜுக்கு இன்னொரு நம்பர். ஒரு மே மாதம் முழுக்க உட்கார்ந்து 400 வரைக்கும் போட்டுப் பார்த்த முட்டாள் நான்.


முகப்புத்திண்ணை (காரைக்குடி)

நான் 1200 வரை போனேன் தம்பி. கடைசி வரை புதுசு ஒன்றும் வரவில்லை.


கண்டனூர்க்காரி (கண்டனூர், இப்போது கோவை)

மாமாக்கள் எல்லாம் ஊர்ப்பெருமை பேசுகிறீர்கள், சரி. நான் ஸ்மாஷ் வழியாக ஐஸ் கிளைம்பருக்குப் போனவள். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஐஸ் கிளைம்பரின் போப்போ, நானா இருவரும் ஸ்மாஷுக்குள் வந்தது 2001-ல், கேம்க்யூப் பெட்டிக்கு வந்த இரண்டாம் ஸ்மாஷான மெலீயில். நாம் ஓட்டுவது ஒருவரை. மற்றவர் கம்ப்யூட்டர் கையில், ஒரு நொடித்துளி பிந்தி அதையே செய்வார். இந்தப் பிந்தலை வைத்தே ஒரு கலை வளர்ந்தது. இருவரையும் வேண்டுமென்றே தாளம் பிசகவைத்து ஒருவர் பிடிக்க, மற்றவர் அடிக்க. மெலீயில் அது எல்லை மீறிப்போய், ஒரு முறை பிடித்தால் எதிராளி சாகும் வரை விடாமல் அடிக்கலாம் என்றாகி, பல போட்டிகளில் அந்த வித்தையைத் தடை செய்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கே எரிச்சல் வரும். ஆடுகிறவளுக்கு வராது, அது வேறு விஷயம்.

2014 பதிப்பில் இவர்கள் இல்லை. பிரபலம் போதாது என்று எடுத்ததாக நிறையப் பேர் இன்னும் எழுதுகிறார்கள், தப்பு. அந்தப் பதிப்பு கையடக்கமான 3டிஎஸ், டிவியில் மாட்டும் வீ யூ இரண்டு கருவிக்கும் வந்தது. 3டிஎஸ்ஸின் பலம் இரண்டிரண்டு பேராக வருகிறவர்களுக்குப் போதவில்லை, இரண்டு பதிப்பிலும் ஒரே ஆட்கள் இருக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டதாக இயக்குநர் மசாஹிரோ சகுராயே சொல்லியிருக்கிறார். 2018-ல் திரும்பி வந்தார்கள்.

இன்னொன்று. உடை மாற்றினால் நானா முன்னால் நிற்பாள், போப்போ பின்னால் ஓடிவருவான். நான் அப்படித்தான் ஆடுவேன்.


பலூன்பாண்டி (தேவகோட்டை)

ரெண்டு பேர் ஆட்டத்தில் ஒருவன் மேலே வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும், கீழே மாட்டிக்கொண்டவன் அப்படியே சாவான். ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் ஜாய்ஸ்டிக் ஒயர் அறுந்ததே அதனால்தான். அண்ணன் முதல் ஜாய்ஸ்டிக்கை விடவே மாட்டான், நான் எப்போதும் அந்த ரோஸ் கலர். அது பெண் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. பெயரும் நானாவாம். நானா நானா என்று சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.


சும்மா_ஒருத்தன் (ஊர் குறிப்பிடவில்லை)

சண்டை கேம் என்றால் டெக்கன். இது குழந்தைகள் ஆடுவது. இதற்கு ஒரு இழையா?


கேசட்_ஊதி (புதுவயல்)

டெக்கனின் கசுயாவும் 2021-ல் இதற்குள் வந்துவிட்டார் சார். குழந்தைகளோடுதான் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார். வாருங்கள், உட்காருங்கள்.


பலூன்பாண்டி (தேவகோட்டை)

கேம் சென்டர் காலத்து ஆட்களும் உண்டு. ஒரு ரூபாய்க்கு ஒரு காயின், முஸ்தபா கேமுக்கு வரிசை. பக்கத்துப் பெட்டியில் சிவப்புத் தொப்பி, சிவப்பு கோட்டு போட்ட டெர்ரி போகார்ட். அவரை 2019-ல் ஸ்மாஷில் பார்த்ததும் பள்ளிக்கூட சிநேகிதனைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி இருந்தது. அவர் முதலில் வந்தது கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் இல்லை, 1991-ல் வந்த ஃபேட்டல் ஃப்யூரியில்.

கேப்டன் ஃபால்கன் சமாச்சாரமும் அப்படித்தான். ஃபால்கன் பஞ்ச் என்று கத்திக்கொண்டு குத்துவாரே, அந்த எஃப்-ஜீரோ சண்டை கேமை நான் ஆடியதே இல்லை. எங்கே கிடைக்கும்?


கண்டனூர்க்காரி (கண்டனூர், இப்போது கோவை)

எங்கேயும் கிடைக்காது மாமா, அப்படி ஒரு கேம் இல்லை. எஃப்-ஜீரோ கார் பந்தயம். 1990-ல் வந்த முதல் கேமில் அவர் வண்டியை விட்டு இறங்குவதே கிடையாது. ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கேமோடு வந்த கையேட்டில் இருந்த படக்கதையைத்தான் புரட்ட வேண்டும்.

குத்து வந்த கதை இது. ஸ்மாஷ் முதலில் நின்டெண்டோ ஆட்களை வைத்துத் தொடங்கப்படவில்லை. எச்ஏஎல் நிறுவனத்தில் சகுராய் திட்டம் போட, அப்போது அங்கே தலைவராக இருந்த சதோரு இவாட்டா தன் கையாலேயே ப்ரோகிராம் எழுதினார். முகம் இல்லாத பொம்மைகள் அடித்துக்கொள்ளும் மாதிரி ஆட்டம், டிராகன் கிங் என்று பெயர். பிறகுதான் தெரிந்த முகங்களை இறக்கலாம் என்று முடிவானது. அந்தப் பொம்மையின் அடிகள் பல ஃபால்கனுக்குப் போயின. பந்தயக்காரர் எப்படிச் சண்டை போடுவார் என்று சொந்த கேமில் எந்தத் துப்பும் இல்லாததால் எதைக் கொடுத்தாலும் பொருந்தியது. 1999 ஜனவரியில் வந்த முதல் ஸ்மாஷில் இருந்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

எஃப்-ஜீரோவில் 2004-க்குப் பிறகு 2023 வரை புதுசாக ஒன்றும் வரவில்லை. அத்தனை வருடமும் அவர் பெயரைக் காப்பாற்றியது ஒரு குத்துதான்.


இரண்டாம்கட்டு (கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்)

பதிவு போட்டு வருடக்கணக்காகிறது. இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதல் பன்னிரண்டு பேரில் சிவப்புத் தொப்பிப் பையன் நெஸ்ஸும் உண்டு. அவன் வந்த கேம் ஜப்பானில் மதர் 2, 1994. அமெரிக்காவில் எர்த்பவுண்ட், 1995. எழுதியவர் விளம்பர வாசகங்கள் எழுதிப் பேர் வாங்கிய ஷிகெசாட்டோ இட்டோய். ஐரோப்பாவுக்கு அந்த கேம் போகவே 2013 ஆயிற்று. அப்படியானால் 1999-ல் ஸ்மாஷ் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவனைத் தெரிந்திருக்கும்?

அந்த கேம் பாதியில் சிக்கிக்கொண்டபோது உள்ளே வந்தவரும் இவாட்டாதான். இருப்பதை வைத்துச் சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம் என்று சொல்லி, முதலிலிருந்தே எழுதி முடித்தார். பலூன்பாண்டி சொன்ன பலூன் ஃபைட்டை ஃபாமிகாமுக்கு ப்ரோகிராம் செய்ததும் அவர்தான். பலூன், நெஸ், ஸ்மாஷ் மூன்றிலும் ஒரே கை.

இதை எழுத வந்த காரணம் வேறு. எர்த்பவுண்டில் ஆட்டத்தைச் சேமிக்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா? போனில் அப்பாவைக் கூப்பிட வேண்டும். நெஸ்ஸின் அப்பா கேம் முழுக்க வீட்டில் இல்லை. முகமே காட்டுவதில்லை. போனில் குரல் மட்டும். நீ சண்டை போட்டு ஜெயிக்க ஜெயிக்க அவர் உன் கணக்கில் பணம் போட்டுக்கொண்டே இருப்பார், ஏடிஎம்மில் போய் எடுத்துக்கொள்ளலாம். கூப்பிட்டால், இவ்வளவு போட்டிருக்கிறேன் என்பார். அதிக நேரம் விடாமல் ஆடினால் அவரே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வு எடு என்பார்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா இங்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் வரும். இரண்டாம் கட்டுக்குப் போகிற வழியில் சுவரில் மரப்பலகை அடித்து அதன் மேல் போன், கீழே ஒரு முக்காலி. அப்பத்தா முதலில், பிறகு அம்மா, கடைசியில் நான். என் முறை வருவதற்குள் பெரும்பாலும் பணம் அனுப்பியாயிற்று என்கிற வாக்கியத்துக்கு வந்திருப்பார். நான் "ம்" என்பேன். இங்கே வேலைக்கு வந்த பிறகு, இருபத்தாறு வயதில், எர்த்பவுண்டை ஆடினேன். முதல் முறை போனை எடுத்ததும் அந்த ஆள் பணம் போட்டிருக்கிறேன் என்று எழுத்தில் சொல்கிறார். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வீட்டு ஏக்கம் என்று ஒரு நோயும் இருக்கிறது அந்த கேமில். சண்டையின் நடுவே நெஸ்ஸுக்கு அம்மா நினைப்பு வந்து அடிக்க மறந்துவிடுவான். அம்மாவுக்குப் போன் போட்டால் சரியாகும். தொடக்கத்தில் உனக்குப் பிடித்த வீட்டுப் பலகாரம் என்ன என்று கேட்பார்கள், வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அதைத்தான் செய்து போடுவாள். நான் பணியாரம் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன், இடம் போதவில்லை. சீடை நுழைந்தது.

ஸ்மாஷில் அவன் மின்னலும் தீயும் விடுகிறான். சொந்த கேமில் அந்த இரண்டும் அவன் தோழி பாலாவின் வித்தைகள்.


முகப்புத்திண்ணை (காரைக்குடி)

எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த மரப்பலகை இருக்கிறது அண்ணே. போன் இல்லை, இப்போது அதில் வைஃபை பெட்டி.


ஆத்தங்குடிக்கல் (ஆத்தங்குடி)

எங்கள் ஐயா 1982 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு பொருள் கொண்டுவந்தார். கால்குலேட்டர் மாதிரி, கையடக்கம். கறுப்பு ஆள் ஒருவன் வாணலியை வைத்துக்கொண்டு மேலே தூக்கிப் போட்டதைக் கீழே விழாமல் பிடிப்பான். ஷெஃப் என்ற கேம் அது. பேட்டரி தீர்ந்ததும் வாட்ச் கடையில் மாற்றுவார்களாம். நான் வளரும்போது செத்த பொருளாகத்தான் ஐந்தறைப் பெட்டி அலமாரியில் கிடந்தது.

ஸ்மாஷில் மிஸ்டர் கேம் அண்ட் வாட்ச் என்று தகடு போல ஒருவன் வருகிறானே, அவன் கையில் அதே வாணலி. நின்டெண்டோவின் இந்தக் கையடக்க கேம் அண்ட் வாட்ச் வரிசை 1980-ல் தொடங்கியது. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அதை வடிவமைத்த குன்பெய் யோகோய்க்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் திரையில் உருவம் நகராது. ஒரு இடத்து உருவம் அணையும், அடுத்த இடத்து உருவம் எரியும், அவ்வளவே. அதனால்தான் ஸ்மாஷிலும் அவன் விட்டுவிட்டு வெட்டி வெட்டி நடக்கிறான். மற்ற எல்லாரும் வழுவழுப்பாக ஓடும் மேடையில் இவன் மட்டும் டக் டக் டக்.

நான் டைல் போடுகிற ஆள். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, சிமென்டைக் கொட்டி, கவிழ்த்து எடுத்தால் பூ ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியின் வழவழப்பு டைலில் இருக்கும். இவனைப் பார்த்தால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. பழைய திரையின் அச்சு உடம்பில் அப்படியே.

சுத்தியல் அடியில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் வரும், ஒன்பது வந்தால் எதிராளி ஊரைத் தாண்டிப் போவான். சித்தப்பா மகனோடு அந்த ஒன்பதுக்காகவே ஆடுகிறேன், தோற்கிறேன்.


கேசட்_ஊதி (புதுவயல்)

வாத்து கேமை யாரும் விரிவாகச் சொல்லவில்லை, என் பங்குக்கு.

டக் ஹண்ட், 1984. சுட்டால் வாத்து விழும், தப்பவிட்டால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து வாயைப் பொத்திச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நாயையே சுட முயலாத பிள்ளை உண்டா? 2014-ல் நாயும் வாத்தும் ஒரே ஆளாக ஸ்மாஷுக்கு வந்துவிட்டார்கள், நாய் முதுகில் வாத்து. நுட்பம் என்னவென்றால், சுடுகிற ஆள் திரையில் இல்லை. எங்கிருந்தோ குண்டு வருகிறது, குறிவட்டம் மட்டும் தெரிகிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆள் நாம்தான், டிவிக்கு முன்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த பயல். நாய் உதைத்து விளையாடும் தகர டப்பா ஹோகன்ஸ் ஆலியிலிருந்து வந்தது, கூப்பிட்டால் வரும் துப்பாக்கிக்காரர்கள் வைல்ட் கன்மேனிலிருந்து. மூன்று துப்பாக்கி கேமையும் ஒரு நாயின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டிவியிலிருந்து வாத்தை அது "பார்க்கிறது" என்று நினைப்போம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் சின்ன சென்சார். முதலில் இருட்டு, அடுத்து வெளிச்சம் என்று வந்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தக் கணத்தில் வெளிச்சம் பட்டது என்று பார்த்து எந்த வாத்து என்று கண்டுபிடித்துவிடும். நாங்கள் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சுட்டுப் பார்த்தோம், பலிக்கவில்லை. கறுத்த கணத்திலும் வெளிச்சம் தெரிந்தால் திருட்டு என்று கேமுக்குத் தெரியும்.

குழாய் டிவியில் படம் உடனுக்குடன் வரும். இன்றைய தட்டை டிவி படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டுகிறது. அதற்குள் கணம் போய்விடும். தட்டை டிவியில் பழைய துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக்.

ஆர்.ஓ.பி என்ற ரோபோவும் இதே கதைதான். 1985. அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை விழுந்து, கடைக்காரர்கள் கேம் என்றாலே வேண்டாம் என்ற நேரம். பொம்மை ரோபோ என்று சொல்லிக் கடைக்குள் நுழைந்தார்கள். அதன் கண் டிவி திரை மின்னுவதைப் பார்த்துத்தான் கட்டளை வாங்கும். அதற்கென்று வந்த கேம் மொத்தமே இரண்டு. இரண்டே கேம் ஆடிய பொம்மை 2008-லிருந்து ஸ்மாஷில் சண்டை போடுகிறது.


கண்டனூர்க்காரி (கண்டனூர், இப்போது கோவை)

ஊதி மாமா சொன்னதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் நாலு பேருக்கு விளக்கிவிட்டேன்.

ஆனால் கேசட்டில் இருந்தது, இல்லாதது என்று மட்டும் பார்த்தால் ஒரு பெரிய கூட்டம் விட்டுப்போகும். ஃபயர் எம்ப்ளெம் கேம் வரிசை இன்றைக்குப் பெரிய பெயர். 2001-ல் மெலீயில் மார்த்தும் ராயும் வந்தபோது ஜப்பானுக்கு வெளியே அந்த வரிசையில் ஒரு கேம்கூட விற்கப்படவில்லை. இருவரும் மெலீயில் ஜப்பானிய மொழியிலேயே பேசுவார்கள். 2003-ல்தான் அந்த வரிசை வெளியே வந்தது. ராய் கதை இன்னும் வேடிக்கை. மெலீ வந்தது 2001 நவம்பர், ராயின் சொந்த கேம் வந்தது 2002 மார்ச். தன் வீடு கட்டி முடிவதற்குள் பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போய் அடிதடி செய்தவன்.

சண்டைக்காரர்களாக இல்லாமல் உதவிக்கு மட்டும் வந்து போகிறவர்கள் இன்னும் ஆழத்தில் இருக்கிறார்கள். 1986-ன் முராசமே கோட்டை கேமிலிருந்து தகாமாரு, 1992-ல் கேம் பாய்க்கு ஜப்பானில் மட்டும் வந்த தவளை கேமின் இளவரசன், 1993-ன் ஜாய் மெக் ஃபைட்டிலிருந்து கையும் காலும் உடம்போடு ஒட்டாத சுகாபோன். எனக்குப் பிடித்தது டெவில் வேர்ல்டின் பேய். அந்த கேமில் பேய் கை காட்டிய பக்கம் சுற்றுச்சுவர் முழுக்க நகரும், ஓரத்தில் மாட்டினால் நசுங்குவோம். ஸ்மாஷில் வந்தால் சண்டையில் கை வைக்காமல் திரையையே இழுத்துக்கொண்டு போகிறது. பழைய விதியை அப்படியே கொண்டுவந்தது அழகு.


பலூன்பாண்டி (தேவகோட்டை)

பேய் கேம் எங்கள் கேசட்டில் இருந்தது! சிலுவை எடுத்தால்தான் நெருப்பு விட முடியும். அமெரிக்காவில் அன்றைக்கு விற்கவே இல்லையாமே. தேவகோட்டையில் தாராளமாக ஓடியது.


முகப்புத்திண்ணை (காரைக்குடி)

விசேஷம் நல்லபடியாக முடிந்தது. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளைக்கோலம் கலைத்த பெரியப்பாவே பட்டாலைக்கு வந்து உட்கார்ந்தார். 1996-ல் முழுப்பரிட்சை லீவுக்கு அந்த டிவி கேமை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். பசங்கள் கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வரிசையை மேலும் கீழும் பார்த்தார். எண்பது முகத்தில் சுத்தியல் பிள்ளைகளிடம் விரல் நின்றது. "இது நம்ம பிள்ளைகளாச்சே" என்றார்.

மேடைக்கு வந்ததும் நேராக மேலே குதித்துக்கொண்டே இருந்தார். தலைக்கு மேல் உடைக்க ஐஸ் இல்லை. எதிரே பிக்காச்சு நிற்கிறது, அதைப் பார்க்கவே இல்லை. "கரடி எங்கடா? கூலிங் கிளாஸ் போட்ட கரடி?" ஒரே இடத்தில் நின்றால் வெள்ளைக் கரடி வந்து குதித்துத் திரையை மேலே தள்ளும், அதைத்தான் கேட்டார். அண்ணன் மகன் அடிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு அடித்தான். முப்பது நொடியில் பெரியப்பா மேடைக்கு வெளியே.

ராத்திரி இரண்டு பேர் பரணில் ஏறி ட்ரங்குப் பெட்டியை இறக்கிவிட்டோம். பெட்டி இருக்கிறது, கேசட் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. கேசட் லேபிளில் உள்ளே இல்லாத கேம்களின் படம். அடாப்டர் மட்டும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஒன்று வாங்கினேன், சூடாகி வாசனை வந்தது, கழற்றிவிட்டேன். பசங்கள் திங்கட்கிழமை பல்லவனில் கிளம்புகிறார்கள்.


கேசட்_ஊதி (புதுவயல்)

அதை இனிமேல் மாட்டாதீர்கள்! பெட்டியின் அடியில் வோல்ட் எவ்வளவு, உள்முனை பிளஸ்ஸா மைனஸா என்று போட்டிருக்கும், படம் எடுத்து அனுப்புங்கள். பெரும்பாலும் 9 வோல்ட்டாக இருக்கும், ஆனால் முனை மாறினால் உள்ளே போய்விடும். என்னிடம் நாலைந்து இருக்கிறது, பொருந்துவதை எடுத்து வருகிறேன். கேசட்டை ஊதாதீர்கள், என் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எச்சில் ஈரம் பட்டால் முனை களிம்பேறும். அன்றைக்கு வேலை செய்தது ஊதியதால் இல்லை, கழற்றித் திரும்பச் செருகியதால். ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், காயவிடுங்கள்.

துப்பாக்கிக்குக் குழாய் டிவி வேண்டும். கடையில் ஒரு 21 இன்ச் டயனோரா ஓடுகிற நிலையில் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொண்டுவரட்டுமா?


முகப்புத்திண்ணை (காரைக்குடி)

வாருங்கள் தம்பி, பலகாரம் நிறைய மிச்சம் இருக்கிறது. வீட்டுக்கு வழி அனுப்புகிறேன்.


பலூன்பாண்டி (தேவகோட்டை)

நானும் வருகிறேன். பதினேழாம் நம்பர் எனக்கு.


கேசட்_ஊதி (புதுவயல்)

டிவி நல்ல கனம். முகப்புப் படி ஏற்றத் தூக்குவதற்கு ரெண்டு பேரை நிறுத்தி வையுங்கள்.